ஜீப்பில் அம்மாவின் இடம்

எங்கள் தெருமுனையில் நின்றால் ஆஸ்பத்திரிச் சுவர் தெரியும். ஆனாலும் அடிவயிற்று வலியோடு மாதக்கணக்கில் அல்லாடிய அம்மா அங்கே போகவேயில்லை. ஏன் என்று குடைந்து குடைந்து யோசித்தேன். அம்மா வேலை பார்க்கும் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்பு விடியுமுன் மலைமேல் போடிமெட்டுக்குக் கிளம்பிவிடும், இருட்டத்தான் திரும்பும். டாக்டர் பார்ப்பதோ காலையில். ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கு லீவு, டாக்டருக்கும் லீவு. இருவரும் பேசி வைத்துக்கொண்டார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

"ஒரு நா போகலைன்னா என்னவாம்?" என்று அதே ஜீப்பில் போகும் சித்தியிடம் கேட்டேன்.

"எடம் போயிரும்டி."

ஜீப்பில் இடம் இருந்தால்தான் தோட்டத்தில் வேலை. காலியிடத்தில் ஏறுவதற்கென்றே தூக்குவாளியோடு ஒருத்தி தினமும் முக்கில் நிற்பாளாம்.

பரீட்சை லீவில் அம்மாவுக்கு வலி பொறுக்க முடியாமல் போனது. சித்தி என்னை அம்மாவின் இடத்தில் உட்கார வைத்தாள். டிரைவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"இது யாரும்மா, பொடுசு?"

"அக்கா மகதாண்ணே. எடத்துக்குத்தான் வந்துருக்கு. அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகுது."

"இன்னிக்கு ஒரு நா விடுறேன். நாளைக்கு இவ அம்மா வரலைன்னா வேற ஆள ஏத்திருவேன்."

முக்கில் தூக்குவாளிக்காரி எட்டிப் பார்த்தாள். அம்மாவைப் போலவே மெலிந்திருந்தாள். நான் முழங்கால்களை அகட்டி, பெரிய ஆள் மாதிரி உட்கார்ந்தேன். பெருமை தாங்கவில்லை.

ஏலக்காய் கிளையில் காய்க்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அது செடியின் தூரில், தரையை ஒட்டிக் காய்த்துக் கிடந்தது. பெண்கள் நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் பறித்தார்கள். இவ்வளவு அதிசயத்தை அம்மா ஏன் என்னிடம் சொல்லவேயில்லை என்று கோபமாக வந்தது.

வீடு திரும்பியதும் படுத்திருந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, "எடத்துல வேற யாரும் ஏறலையே?" என்பதுதான்.

"இல்லம்மா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"நாளைக்கே தேனிக்குப் போயி ஸ்கேன் எடுக்கணுமாம்."

"அப்ப நாளைக்கும் நான்தான் போவேன்!" என்று குதித்தேன்.

டிரைவர் சொன்னதைச் சித்தி சொன்னாள். அம்மா என் தலையைத் தடவினாள்.

"நாளைக்குத் தோட்டத்துக்கு நானே போறேன் ஆத்தா."

என் இடத்தைப் பிடுங்கிக்கொண்டாள் என்று அழுதேன். விடியுமுன் ஹாரன் சத்தம் கேட்டது. அம்மா எனக்குப் போர்த்திவிட்டு, வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி படியிறங்கினாள். நான் வீம்பாகக் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்கு உறைத்ததெல்லாம் ஒன்றுதான்: என்னை விட்டுவிட்டு அம்மா மட்டும் மலைக்குப் போகிறாள்.