கிணற்றில் ஒரு முறை

அறுபதுகளில், கோவில்பட்டியில் வெளிநாட்டார் பதிவேட்டு வேலையை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கணவரை இழந்த பர்மாக்காரப் பெண் ஒருவர், தங்கும் அனுமதியை நீட்டிக்கக் கேட்டு வந்தார். உறவு யாருமில்லை என்றார். 'இங்கே ஆதரவற்றவர், திருப்பி அனுப்பலாம்' என்று எழுதிவைத்தேன்.

மறுநாள் அவர் குடியிருந்த தெருவின் பெண்கள் முப்பது பேர், அவரையும் அழைத்துக்கொண்டு வந்து நின்றார்கள்.

"ஐயா, எங்களுக்கு இருக்கது ஒத்தை நல்லதண்ணிக் கிணறு. வீட்டுக்கு ரெண்டு குடம்தான். அதுல இவியளுக்கும் முறை வச்சிருக்கோம். இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?" என்றார் ஒருவர்.

மழை பொய்த்து, கரிசல் வெடித்துக் கிடந்த வருடம் அது. மேலதிகாரிக்கு மட்டுமே எழுந்து பழகிய நான், என்னை அறியாமல் எழுந்து நின்றேன். எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

மாற்றலாகி வந்து மூன்று வருடமாகியும், அந்த ஊரில் எந்தக் கிணற்றிலும் எனக்கு முறை கிடையாது. வண்டித் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டிருந்தேன்.