வெந்நீர் சிஸ்டரின் மீன்தொட்டி

முழங்கை வரை சோப்பு நுரை. விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, மறுபடியும் விரல் இடுக்கு. பிறகு சோப்பின் வாசனைகூட மிஞ்சாதபடி ஒரு வாளித் தண்ணீரில் அலசல். குழாயை முழங்கையாலேயே தள்ளி மூடிவிட்டு, இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தபடி, குளியலறைக் கதவை இடுப்பால் இடித்துத் திறந்துகொண்டு வெளியே வருகிறார் சிஸ்டர். போன் மணி அடித்தால் எடுக்க மாட்டார். மூக்கு அரித்தால் கணவர்தான் சொறிந்துவிட வேண்டும். இத்தனையும் கூடத்து மூலையில் இருக்கும் மீன்தொட்டியில் ஒரே ஒரு செடியை நடுவதற்கு.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் அவர் தலைமை நர்ஸ். கத்தியிலிருந்து கதவுக் கைப்பிடி வரை அங்கே எல்லாம் அவர் சொன்ன பிறகுதான் சுத்தம். பெரிய டாக்டர்களே அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையுறை மாட்டுவார்கள். எதைக் கண்டாலும் வெந்நீரில் போடச் சொல்வதால் ‘வெந்நீர் சிஸ்டர்’ என்று பெயர். அந்தப் பெயர் தனக்குத் தெரியாது என்பதுபோல நடந்துகொள்வார். வீட்டிலும் அதே சட்டம்தான். காய்கறி உப்புத் தண்ணீரில் குளிக்காமல் கத்தியைப் பார்க்காது. செருப்பு வாசலைத் தாண்டாது. “கண்ணுக்குத் தெரியறதக் கண்டு பயப்படாதீங்க. கண்ணுக்குத் தெரியாததுதான் ஆளக் கொல்லும்” என்பது அவர் தினமும் ஓதும் மந்திரம்.

அவர் கணவர் லாரிக்காரர். லாரியைப் பிரிந்து இரண்டு வருடமானாலும் அவர் லாரிக்காரர்தான். எப்போதோ கை ஒடிந்து ஆஸ்பத்திரிக்கு வந்தவர், கட்டுப் போட்ட நர்ஸையே கட்டிக்கொண்டார். “என்கிட்ட இவ பேசின மொத வார்த்த என்ன தெரியுமா? ‘தொடாதீங்க!’ காதல் அப்படித்தான் ஆரம்பிச்சுது” என்பார். இன்றுவரை மனைவியை ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுகிறார். புதிதாக வருகிறவர்கள் திருதிருவென்று விழிப்பதில் அவருக்கு ஒரு குஷி.

முதுகெலும்பில் ஆபரேஷன் ஆனதும் டாக்டர் இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஊர் ஊராகச் சுற்றிய மனிதருக்கு ஒரு நாற்காலியும் ஒரு ஜன்னலும் மிச்சமாயின. நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, தெருவில் போகும் வண்டிகளின் டயரைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாய் ஓயாமல் பேசுகிறவர், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல ஆரம்பித்தார். பக்கத்தில் நின்று மாத்திரை கொடுக்கும்போது சிஸ்டரும் அந்த ஜன்னலைப் பார்ப்பார். ஜன்னல் கம்பியை இன்னொரு முறை துடைப்பார்.

ஒரு நாள் லாரிக்காரரே, “ஒரு மீன்தொட்டி வெச்சா என்ன சிஸ்டர்?” என்றார். பல வாரங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் ஆசை அது. அன்று மாலையே தொட்டி வந்தது.

சிஸ்டர் தொட்டியை பிளீச்சிங் பவுடரால் கழுவினார். மணலை வேகவைத்தார். அலங்கார வேர்க்கட்டையை வேகவைத்தார். விட்டால் செடிகளையும் வேகவைத்திருப்பார், கணவர் மடியில் வைத்துக் காப்பாற்றினார். தண்ணீர் கண்ணாடியை மிஞ்சும் தெளிவோடு நின்றது. அதே மாலையில் மீன்களை விட்டார்கள். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் மல்லாந்து மிதந்தன.

இரண்டாவது முறை கொஞ்சம் பொறுத்துத்தான் மீன் விட்டார்கள். லாரிக்காரர் நாற்காலியை ஜன்னலிலிருந்து தொட்டி பக்கம் திருப்பிப் போட்டார். மீன்களுக்குப் பெயர் வைத்தார். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடிக்கொண்டே இருப்பது கண்டக்டர். கட்டையின் சந்தில் நின்று மற்றவற்றை மறிப்பது செக்போஸ்ட். வயிறு பருத்த பெண் மீன் ஓவர்லோடு. கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டே நகரும் நத்தைக்கு, லாரியில் அவரோடு வந்தவர்களின் நினைவாக, கிளீனர். தியேட்டரிலிருந்து திரும்பும் சிஸ்டருக்கு அன்றன்றைய போக்குவரத்துச் செய்தி தவறாமல் கிடைத்தது. “செக்போஸ்ட் இன்னிக்கு கண்டக்டர ஒரு மணி நேரம் நிக்க வெச்சுட்டான். மாமூல் கேக்கறான் போல.” சிஸ்டர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டே கை கழுவுவார். அந்தக் கழுவல் மட்டும் வழக்கத்தைவிட நேரம் பிடிக்கும்.

ஆனால் தண்ணீரை வடிகட்டும் பில்டருக்குள் ஒரு பஞ்சு இருந்தது. மீன்களின் கழிவெல்லாம் அதில் சேர்ந்து பழுப்பேறி வழுவழுத்தது. வீட்டுக்குள் அப்படி ஒன்று இருப்பது சிஸ்டருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைக் கழற்றிக் குழாயடியில் பிழிந்து, பிரஷர் குக்கரில் விசில் விட்டு எடுப்பார். தியேட்டரில் கத்திகளுக்கு நடக்கும் மரியாதை. பஞ்சு பூப்போல வெளுத்துத் திரும்பும். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். கடைசியாகப் போனது ஓவர்லோடு.

லாரிக்காரர் யாரையும் திட்டவில்லை. “இன்னொரு தடவ வேணாம் சிஸ்டர். தொட்டியில அரிசி கொட்டி வெச்சுக்கலாம்” என்றார். எழுந்து, நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

அந்த நாற்காலி தரையில் இழுபட்ட சத்தத்துக்குப் பிறகு சிஸ்டர் வீட்டில் இருக்கவில்லை. நேரே வண்ணமீன் கடை.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளும் ரகம். “பஞ்ச குக்கர்ல வெச்சீங்களா? ஏன் சிஸ்டர், கூடவே பருப்பும் போட்டீங்களா?”

“சுத்தமா இருக்கணும்னுதானே...”

“எங்க தொட்டி பஞ்ச பாத்தீங்களா? ரெண்டு வருஷமா கறுப்பா கெடக்கு. ஒரு மீன் செத்ததில்ல. அது ஏன்னு என்னக் கேக்காதீங்க, எங்கப்பாவும் இப்படித்தான் வெச்சிருந்தாரு. நான் அத ஆராய்ச்சி பண்ணல.”

சிஸ்டர் அந்தக் கறுத்த பஞ்சை வெகுநேரம் பார்த்தார். அவருக்குத் தியேட்டரையடுத்த வார்டு ஞாபகம் வந்தது. வீரியமான மருந்து கொடுத்த நோயாளிகளுக்குக் கெட்ட கிருமியோடு நல்ல கிருமியும் செத்து, வயிறு போய்க்கொண்டே இருக்கும். அவர்களுக்கு மோர் கொடுக்கச் சொல்லி ஆயாவிடம் சத்தம் போடுவதே அவர்தான். “மீனோட கழிவு விஷம். அத திங்கற கிருமி இதுல குடியிருக்கு. நான் வாரா வாரம் அத வேக வெச்சிருக்கேன்” என்றார் மெதுவாக.

“அப்படியா சங்கதி?” என்றார் கடைக்காரர், தான் வாழ்நாள் முழுதும் செய்துவந்த காரியத்தின் காரணத்தை முதல்முறை கேட்ட ஆச்சரியத்தோடு. பிறகு அந்தப் பஞ்சில் ஒரு துண்டை வெட்டி, பழைய தண்ணீரோடு பாலித்தீன் பையில் கட்டிக் கொடுத்தார். “உங்க தொட்டியில இத பிழிஞ்சு விடுங்க. பாக்க சகிக்காது. கண்ண மூடிக்கிட்டு பிழிஞ்சுடுங்க.”

மூன்றாவது தொட்டியை நிறுவியதில் ஒரு ஆபரேஷனின் அழகு இருந்தது. அடியில் செடிகளுக்கான கரிய மண், அதன்மேல் பின்பக்கம் உயர்ந்து முன்பக்கம் சரியும் மணல். மணல் கலங்காமலிருக்க அதன்மேல் ஒரு தட்டை வைத்து, வெயில்பட்டு ஆறிய தண்ணீரைத் தட்டின் மேலேயே மெல்ல ஊற்றினார். வளைந்த முனை இடுக்கியால் செடிகளைத் தூக்கி, வேர் மடங்காமல் மண்ணுக்குள் இறக்கினார். பின்வரிசையில் நாடாவாக நீளும் இலைகள், முன்வரிசையில் கடுகுபோல் பொடி இலைகள். மண் வேண்டாத ஒரு செடியைக் கட்டையின்மேல் வைத்து நூலால் கட்டினார். தையல் போடும் முடிச்சு. அவிழாது, இலையையும் நசுக்காது.

ஜன்னல் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. “பேஷன்ட் பொழைப்பாரா சிஸ்டர்?”

“அது நீங்க திரும்பிப் பாக்கறதப் பொறுத்து” என்றார் சிஸ்டர்.

நாற்காலி பாதி திரும்பியது.

பிறகுதான் அந்தப் பை. இரண்டு கையுறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, முகமூடியும் அணிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ ஒருவருடைய கடையின் கறுப்பு அழுக்கைத் தன் பளிங்குத் தண்ணீரில் பிழிந்தார் சிஸ்டர். பழுப்புப் புகை பரவியது. லாரிக்காரர் கைதட்டினார். “இத போட்டோ எடுத்து ஆஸ்பத்திரி வாசல்ல மாட்டணும். ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

செடிகள் வேர் பிடிக்கும்வரை காத்திருந்து, பழைய பெயர்களுக்குப் புது மீன்களை விட்டார்கள். நாலைந்து நாள் கழித்து ஒரு காலையில் சிஸ்டர் எழுந்து வந்து பார்த்தால், தொட்டி முழுக்கப் பால். கட்டை தெரியவில்லை. செடி தெரியவில்லை. வெள்ளைக்குள் எங்கோ ஒரு வால் நிழலாக அசைந்து மறைந்தது. லாரிக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை.

சிஸ்டரின் கால்கள் தாமாகக் குளியலறைக்குப் போயின. வாளி, குழாய், தேய்க்கும் பிரஷ். எல்லாத் தண்ணீரையும் வடித்து, எல்லாவற்றையும் கழுவி, அவர் எழுவதற்குள் பளிச்சென்று வைத்துவிடலாம். வாளியோடு கூடத்துக்கு வந்தவர், போனை எடுத்துக் கடைக்காரரை எழுப்பினார்.

“மீனு மேல வந்து வாயப் பொளக்குதா?”

குனிந்து பார்த்தார். “இல்ல.”

“அப்ப ஒண்ணும் பண்ணாதீங்க. புது தொட்டி இப்படித்தான் ஒருக்கா பால் மாதிரி ஆகும். காத்து மோட்டார் மட்டும் ஓடட்டும். ரெண்டு நாளைக்குத் தீனி வேணாம்.”

“ஒண்ணுமே பண்ணக் கூடாதா?”

“ஒண்ணுமே.”

அப்படி ஒரு உத்தரவை அவர் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் அவருக்குப் போட்டதில்லை. வாளியைக் குளியலறையில் கொண்டுபோய்க் கவிழ்த்தார். அன்று வீட்டில் துடைக்காத இடம் மீன்தொட்டி ஒன்றுதான். மின்விசிறி இறக்கைகூட மினுங்கியது. லாரிக்காரர் எழுந்து வந்து, பாலையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாற்காலியைத் தொட்டியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தார். “பனியில மாட்டின வண்டி சிஸ்டர்” என்றார். “ஓரங்கட்டிட்டு உக்காரணும். பறந்தா போச்சு.”

மறுநாள் சிஸ்டர் டியூட்டியில் இருந்தபோது போன் வந்தது. தியேட்டருக்கு வெளியே நின்று முழங்கையால் பொத்தானை அழுத்தி ஒலிபெருக்கியில் கேட்டார். “கட்ட தெரியுது!” அன்று மாலை, “கண்டக்டர் ஓட ஆரம்பிச்சுட்டான்!” அதற்கடுத்த நாள், அடங்காத குரலில், “எல்லாரும் இருக்காங்க சிஸ்டர். ஓவர்லோடும் இருக்கா. செக்போஸ்ட்தான் கொஞ்சம் கடுப்புல இருக்கான்.” பக்கத்தில் நின்ற இளம் நர்ஸ்கள், வெந்நீர் சிஸ்டர் முகமூடிக்குள் சிரிப்பதைக் கண்களில் பார்த்துவிட்டு, பயந்து நகர்ந்தார்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் குக்கரில் சமையல் மட்டும் நடக்கிறது. பஞ்சு எப்போதாவது தொட்டியின் பழைய தண்ணீரிலேயே ஒரு முறை அலசப்பட்டு, அழுக்கு முகத்தோடு திரும்பிப் போகிறது. நாடா இலைகள் மேல்பரப்பைத் தொட்டு வளைந்துவிட்டன. ஓவர்லோடு சுமையை இறக்கியதில், கண்ணும் வாலுமாகக் கொசுறு மீன்கள் செடிக்குள் ஒளிந்து விளையாடுகின்றன. கண்ணாடியின் ஒரு மூலையில் உள்ளங்கையளவு பச்சைப் பாசி படர்ந்திருக்கிறது. கிளீனர் அதை மேய்ந்துகொண்டிருக்கிறது. குட்டிகளும் அங்கேதான் கூடிக் கொறிக்கின்றன.

அந்தப் பாசி சிஸ்டரின் கண்ணை உறுத்துவது லாரிக்காரருக்குத் தெரியும். வேண்டுமென்றே துணியை எடுத்து நீட்டுவார். “தொடச்சு விட்டுடறியா சிஸ்டர்? பாவம், ஒரே ஒரு இழுப்பு.”

சிஸ்டர் துணியைப் பார்ப்பார். பாசியைப் பார்ப்பார். பிறகு தியேட்டரில் டாக்டர் வரும்வரை நிற்பதுபோல, இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் உயர்த்தி, விரல்களை விரித்து, எதையும் தொடாமல், தொட்டியெதிரே அப்படியே நிற்பார்.