கணக்கு சாரைப் பார்க்க வந்தவர்கள்

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது எனக்கு வயது முப்பத்தெட்டு. எம்.எஸ்ஸி., பி.எட். முடித்திருந்தேன். பதினைந்து ஆண்டுகள் கற்பித்த அனுபவமும் இருந்தது. இதெல்லாம் இணையத்தில். வீட்டில் எனக்கு வயது பதினாலுதான். தலைக்கு எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால் மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

பாடத்தில் சந்தேகம் இருந்தால் எழுதிப் போடும் தளம் ஒன்றை அந்த வருடம் எங்கள் வகுப்பில் எல்லோரும் பார்த்தார்கள். எந்த ஊர்ப் பிள்ளையும் அதில் கேள்வி கேட்கலாம். பதில் போட மட்டும் ஆசிரியராகப் பதிவு செய்ய வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கு ஒன்றுக்கு யாரோ ஓர் ஆசிரியர் தப்பாகப் பதில் போட்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குக் கை துறுதுறுவென்றிருந்தது. பழங்காநத்தத்தில் என் தாய்மாமா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக்கொடுப்பதும் உண்டு. கடையில் இருந்த கம்ப்யூட்டரில் அவர் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்து, இல்லாத பட்டங்களையும் சேர்த்து, நான் பதிவு செய்தேன். போனில் வந்த ஓ.டி.பி. எண் எதற்கென்று மாமா கேட்டார். படிப்புக்கு என்றேன். எங்கள் வீட்டில் அந்த ஒரு சொல்லுக்கு எந்தப் பூட்டும் திறக்கும்.

மாமா பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறி, அதோடு படிப்பை விட்டவர்.

அப்படி நான் கணக்கு சார் ஆனேன். பத்தாம் வகுப்புப் புத்தகத்தை இறக்கி வைத்துக்கொண்டு, ஒரே வீடியோவை மூன்று தடவை பார்த்து, எனக்கே அப்போதுதான் புரிந்ததைப் பதினைந்து வருட அனுபவத்தோடு எழுதுவேன். கேட்டவர்களில் பலர் பதில் கிடைத்ததும் காணாமல் போனார்கள். எழுமலையிலிருந்து ஒரு பெண் மட்டும் தினமும் வந்தாள். பத்தாம் வகுப்பு, என்னைவிட ஒரு வயது மூத்தவள். சாயங்காலம் ஆறு மணிக்கு 'வணக்கம் சார்' என்று தொடங்கி ஒரு கணக்கைக் கேட்பாள். நான் பதில் போட்டதும் 'மிக்க நன்றி சார்' என்பாள். எனக்கு அதற்கு முன் யாரும் வணக்கம் வைத்ததில்லை. அவளுக்காகவே நான் ஒரு வருடம் முன்கூட்டிப் படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரம் அவளிடமிருந்து நீளமாக ஒரு செய்தி வந்தது. கணக்கில் நல்ல மார்க். ஆனால் அப்பா பதினொன்றாம் வகுப்பில் சேர்க்க மாட்டேன் என்கிறார். அவள் கேட்கும் பிரிவுக்கு உசிலம்பட்டிக்கு பஸ்ஸில் போய் வர வேண்டும். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், திங்கட்கிழமை வேன் வருகிறது, பெரியப்பா மகள்கள் இரண்டு பேரும் போகிறார்கள், இவளையும் அனுப்பப்போகிறார்கள். கடைசியில், 'நீங்கள் சொன்னால் அப்பா கேட்பார். நாளை உங்களைப் பார்க்க வருகிறோம்' என்று முடித்திருந்தாள்.

நான் வெளியூர் வந்திருக்கிறேன் என்று சார் பெயரில் உடனே எழுதினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. எங்கே வர வேண்டும் என்று நான் சொல்லவும் இல்லை, அதனால் வரமுடியாது என்று என்னையே தேற்றிக்கொண்டேன். ஆனால் சாரின் பக்கத்தில் மாமாவின் போன் நம்பர் இருந்தது. அந்த நம்பரைத் தேடினால் மாமா கடையின் பெயரும், அங்கே போகும் வழியும் வந்து நிற்கும். எனக்கு அது தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

மறுநாள் முழுப்பரீட்சை லீவு என்பதால் நான் கடையில்தான் இருந்தேன். பதினோரு மணி வெயிலில் இரண்டு பேர் படியேறினார்கள். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், வேர்த்து வழிந்துகொண்டு. அவர் பின்னால் இரட்டைச் சடை போட்ட ஒரு பெண், மஞ்சப்பையை நெஞ்சோடு அணைத்தபடி. ஆரப்பாளையத்தில் இறங்கி டவுன்பஸ் பிடித்து, நாலு இடத்தில் விசாரித்து வந்திருக்கிறார்கள்.

"கணக்கு சார் இருக்காகளா?" என்று அவர் கேட்டார்.

யாருக்கோ ஆதார் அட்டையை லேமினேட் செய்துகொண்டிருந்த மாமா, அப்படி யாரும் இங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்தவர் என் முகத்தைப் பார்த்தார். என் உதடு வெளுத்திருக்க வேண்டும். அப்புறம் என் முன்னாலிருந்த திரையைப் பார்த்தார். அதில் அவர் பெயர், அதன் கீழே எம்.எஸ்ஸி., பி.எட். மாமா இல்லையென்று சொல்லிவிடுவார், இவர்கள் திரும்பிப் போவார்கள், திங்கட்கிழமை வேன் வரும் என்பதெல்லாம் என் மண்டைக்குள் ஓடியது.

மாமா மெஷினை நிறுத்திவிட்டு, கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். "நான்தான். உக்காருங்கண்ணே" என்றார்.

ஜெராக்ஸ் கடையில் ஒரு சார் லுங்கியோடு இருப்பது பற்றி அந்தப் பெரியவர் ஒன்றும் கேட்கவில்லை. லீவு நாள் என்று நினைத்திருக்கலாம். தண்ணீர் குடித்தார். தனக்குப் படிப்பு வாசனை கிடையாது என்றார். பொம்பளப் பிள்ளையைத் தினமும் பஸ்ஸில் அனுப்பிவிட்டு வயிற்றில் நெருப்போடு உட்கார்ந்திருக்க முடியாது, மில்லில் என்றால் அக்காமார் துணைக்கு இருக்கிறார்கள் என்றார். மாமா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் பையிலிருந்து தடிமனான நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். சார் போட்ட பதில்கள் எல்லாவற்றையும் தேதி போட்டு, கோடு கிழித்து, அதில் எழுதி வைத்திருந்தாள்.

பெரியவர் நோட்டைத் திறந்து எந்தப் பக்கம் என்று பார்க்காமல் ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"இந்த ஒண்ணை மட்டும் சொல்லிக்காட்டுங்க சார். எனக்குப் புரியாது. இம்புட்டு நாளா இவ என்னத்தப் படிச்சான்னு காதால கேட்டுட்டுப் போறேன்."

மாமா நோட்டைப் பார்த்தார். அவர் கண் எழுத்தின்மேல் நின்றதே தவிர ஓடவில்லை. தொண்டையைச் செருமினார். தனக்கு இரண்டு நாளாகத் தொண்டை கட்டியிருக்கிறது, தன்னிடம் படிக்கிற அக்கா மகள் சொல்லுவாள் என்று என்னைக் கைகாட்டிவிட்டார்.

பிசகிப்போன ஜெராக்ஸ் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் நான் படம் போட ஆரம்பித்தேன். முப்பது மீட்டர் உயரமுள்ள ஒரு கோபுரம். தரையில் ஓர் ஆள். அவர் அண்ணாந்து பார்க்கும் கோணம் முப்பது டிகிரி. அவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்? சொல்லிக்கொண்டே வந்தவள் மூன்றாவது வரியில் நின்றுவிட்டேன். டான் முப்பதுக்கு டான் அறுபதின் மதிப்பைப் போட்டிருந்தேன். கணக்கே தப்பு. பதினைந்து வருட அனுபவமுள்ள சார் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது தப்புப்பா" என்றாள் அந்தப் பெண்.

அப்போதுதான் முதல்முறையாக அவள் குரலைக் கேட்டேன். என்னிடமோ மாமாவிடமோ சொல்லவில்லை, அவள் அப்பாவிடம் சொன்னாள்.

"நம்மூரு தண்ணி டேங்குக்குக் கிட்ட நின்னு பாத்தா கழுத்து வலிக்க அண்ணாந்து பாக்கணும்ல? தள்ளிப் போகப் போக அம்புட்டு அண்ணாக்க வேண்டியதில்ல. இதுல கோணம் சின்னது. அப்ப ஆளு ரொம்பத் தள்ளித்தான நிக்கணும்? இந்த விடைப்படி பாத்தா ஆளு கிட்டத்துல நிக்கிறாரு. அது எப்படி?"

பெரியவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். படத்தில் இருந்த ஆளை விரலால் தொட்டார். அப்புறம் அந்த விரலைத் தாளின் ஓரத்துக்கு நகர்த்தி, "இங்கிட்டு நிக்கணும்" என்றார். அவள் ஆமாம் என்றாள்.

நோட்டில் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாகச் சரியான விடை எழுதியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் காது சுட்டது. மாமாவும் பார்த்துவிட்டார்.

"தப்பு எம்மேலதாண்ணே" என்றார் மாமா. "சார் போட்ட தப்பையே ஒங்க புள்ள திருத்துது. இதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

வெளியே பஸ் ஒன்று நின்று ஆளேற்றிக்கொண்டு போனது. அடுத்த பஸ்ஸும் போனது. கடைசியில் பெரியவர், உசிலம்பட்டிப் பள்ளியில் சேர என்னென்ன தாள் வேண்டும், சாதிச் சான்றிதழுக்கு இங்கேயே எழுதிப் போடலாமா என்று மாமாவிடம் கேட்டார். அதெல்லாம் மாமாவுக்கு உண்மையிலேயே தெரிந்த விஷயம். தொண்டைக்கட்டும் அந்த நொடியே சரியாகிவிட்டது.

மாமா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது நான் அந்த நோட்டைப் புரட்டினேன். பதினோரு இடத்தில் பென்சில் எழுத்து இருந்தது. முதல் திருத்தம் ஆடி மாதத்திலேயே செய்யப்பட்டிருந்தது. நான் தலையைத் தூக்கியபோது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனாவது படிக்கிறாய் என்று மெதுவாகக் கேட்டாள். பத்தாவது போகப்போகிறேன் என்றேன். சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைத்துக்கொண்டாள்.

அவர்கள் போன பிறகு மாமா என்னை அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் மறுபடி மெஷினைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், அந்த சார் பேரை எடுத்துவிடச் சொன்னார். பதில்கள் இருக்கட்டும், தப்பை மட்டும் திருத்து என்றார். அன்று சாயங்காலமே பதினொன்றையும் திருத்தினேன். சார் மனம் நோகக்கூடாது என்று மரியாதைக்காக அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைத்தேன். வெட்கத்தில் நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

நானும் கல்லூரிக்குப் போன பிறகு ஒருநாள் மாமா கடையில் அவளைப் பார்த்தேன். ஏதோ சான்றிதழ் நகல் எடுக்க வந்திருந்தாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். அவர்கள் வீட்டில் இருந்த ஒரே போன் அவள் அப்பாவுடையது. சார் பதில் போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும் என்றால்தான் அது அவள் கைக்கு வரும், அதுவும் அரைமணி நேரம். சாரின் பதிலைப் பார்க்க ஒரு நிமிடம். மிச்ச நேரமெல்லாம் அவள் வேறு பாடங்களைப் பார்த்திருக்கிறாள். போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அப்பா தினமும், சார் என்ன சொன்னார் என்று கேட்பாராம். விடை தப்பாக இருந்த நாட்களிலும், நன்றாகப் படிக்கிறாய் என்று சார் சொன்னார் என்றே சொல்லியிருக்கிறாள். மார்க்கைச் சொல்லியும் அசையாத மனிதர், சார் சொன்னார் என்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுமலையிலிருந்து பஸ் ஏறியிருக்கிறார்.

தன் கணக்கைத் தானே திருத்தத் தெரிந்த ஒருத்தி எதற்காக வருடம் முழுக்க என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள் என்று, அந்த நோட்டைப் புரட்டிய நாளில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நான் எண்ணியது என் தப்புகளை மட்டும்தான்.