வாயைத் திறக்காத பிள்ளை

ஸ்டுட்கார்ட்டில் மகள் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கி ஆறு மாதம் இருக்கும். தாயும் தகப்பனும் பிள்ளையோடு வரவேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. கடிதம் என்றாலே அப்போது எனக்குப் பயம். எங்கள் அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. எந்த உறையைப் பிரித்தாலும் நாட்டை விட்டுப் போகச் சொல்லியிருக்குமோ என்றுதான் முதலில் தேடுவேன்.

ஆசிரியை நல்ல மனுசிதான். “உங்கள் மகள் இங்கே இதுவரை ஒரு சொல் பேசவில்லை” என்றார். படிக்கக் கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு வேறு பள்ளிக்கூடம் இருக்கிறதாம், அங்கே மாற்றினால் நல்லதாம். அது எனக்குத் தெரியும். எங்கள் அகதி விடுதியிலிருந்து இரண்டு துருக்கிப் பிள்ளைகளும் ஒரு தமிழ்ப் பிள்ளையும் அங்கே போனார்கள். ஒன்றுகூடச் சாதாரணப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வரவில்லை. அதற்குள் ஆசிரியை நீட்டிய சம்மதத் தாளில் கையெழுத்து வைக்க என் கணவர் பேனாவை எடுத்துவிட்டார். யார் தாளை நீட்டினாலும் கையெழுத்து வைக்கிற மனுசன்!

“இஞ்சேருங்கோ, பொறுங்கோ. வீட்டிலை டிவியைப் பாத்து வாய் ஓயாமல் டொச் கதைக்கிறவளெல்லோ?” என்று அவரைத் தடுத்தேன். ஜெர்மன் பாஷையைத்தான் நாங்கள் டொச் என்போம்.

“ஏலாது எண்டு சொன்னால் எங்கடை கேஸ் என்ன ஆகும், யோசிச்சனீரே?”

அப்போதுதான் எனக்குப் பொறிதட்டியது. பள்ளிக்கூடம் தொடங்கிய அன்று நான்தான் அவளை இருத்திவைத்துச் சொன்னேன்: “வாயைத் திறக்கப்படாது. நாங்கள் எப்பிடி வந்தனாங்கள் எண்டு தெரிஞ்சால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.” பிள்ளை அதை அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டது. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

“கதையம்மா, குஞ்சு. இனிக் கதைக்கலாம்” என்றேன்.

ஆசிரியை புத்தகத்தைப் பிரித்து ஒரு படத்தைக் காட்டினார். மகள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு டொச்சில், தடுமாறாமல் தொடங்கினாள். இது லொறி. நாங்களும் லொறியில்தான் வந்தோம். பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்துப் படுத்திருந்தோம். அப்பாவின் பாஸ்போர்ட்டில் வேறு ஒரு மாமாவின் பெயர் இருந்தது.

என் கணவர் மேசைக்கடியில் என் காலை மிதித்தார். நிறுத்தச் சொன்னால் மகளின் படிப்பு போய்விடும். விட்டால் எல்லோரும் போகவேண்டியதுதான். நான் நிறுத்தவில்லை.

ஆசிரியை மேசை லாச்சியை இழுத்து, கையெழுத்து விழாத அந்தத் தாளை உள்ளே வைத்தார். “இவள் இங்கேயே படிக்கட்டும்” என்றார். லொறியைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ட்ராமில் வரும்போது மகள் கேட்டாள்: “அம்மா, நாளைக்கும் கதைக்கலாமோ?”

ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.