அக்காவின் எலிகளும் அப்பாவின் வலது கையும்

என் அக்கா மூளை ஆராய்ச்சி செய்கிறாள் என்று சொன்னால் கேட்பவர்கள் என்னையே மரியாதையாகப் பார்ப்பார்கள். எலிகளின் மூளை என்று சேர்த்துச் சொன்னால் அந்த மரியாதை போய்விடும். அதனால் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வேன்.

பக்கவாதம் வந்த எலிக்கு முடங்கிய முன்னங்கால் எப்படித் திரும்பக் கிடைக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை. கண்ணாடிப் பெட்டியில் ஒரு குறுகிய இடுக்கு. வெளியே ஒரு தீனி உருண்டை. நல்ல காலுக்கு எட்டாதபடி அதை ஓரமாக வைப்பாள். எலி வேறு வழியில்லாமல் முடங்கிய காலை நீட்டும். நீட்ட நீட்ட, செத்துப்போன இடத்தைச் சுற்றிக்கொண்டு மூளைக்குள் புதுப் பாதை விழுமாம். இதையெல்லாம் சாப்பிடும்போது விவரிப்பாள். எங்கள் வீட்டில் அவளோடு சேர்ந்து யாரும் சாப்பிட உட்காருவதில்லை. எலிகளிடம் அத்தனை பொறுமை. மனிதர்கள் என்றால் எரிந்து விழுவாள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் நடத்தி, ஊரில் பாதிப் பேரைத் திட்டியே ஸ்டியரிங் பிடிக்க வைத்தவர் அவர். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்னதும் நாங்கள் மூச்சு விட்டோம். அக்கா விடவில்லை. முதல் சில மாதங்களில்தான் மூளை சொன்ன பேச்சைக் கேட்கும், அதற்குள் கையைப் புழங்க வைக்காவிட்டால் பிறகு ரொம்பக் கஷ்டம் என்றாள். அப்பாவோ இடது கையால் டீ குடித்தார், சட்டைப் பட்டன் போட்டார், எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். வலது கை மடியில் பேசாமல் கிடந்தது. பயிற்சி கொடுக்க வந்த பிசியோதெரபிஸ்டுக்கு ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று பாடம் நடத்தி அனுப்பிவிட்டார்.

பிறகு அக்காவே களத்தில் இறங்கினாள். டிவி ரிமோட்டை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டாள். பக்கவாட்டில் இடுக்கு வெட்டி, நீல டேப் ஒட்டி, கட்டிலின் வலப்பக்கம் தாழக் கட்டிவைத்தாள். தனியாக எழுந்து நிற்க முடியாத அப்பாவுக்கு அங்கே இடது கை எட்டாது. முதல் நாள் முழுக்க அவர் வேறு வழியில்லாமல் சமையல் நிகழ்ச்சி பார்த்தார். மறுநாள் கிரிக்கெட் ஓடியது. அக்கா பூரித்துப்போனாள். பார்த்தால், ரிமோட்டை எடுத்துக் கொடுத்தது அம்மா. அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போய், லேபில் யாராவது இப்படி எலிக்கு எடுத்துக் கொடுத்தால் வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்று அக்கா பல்லைக் கடித்தாள். தூக்கினால் புண்ணியமாகப் போகும் என்று சொல்லிவிட்டு அம்மா பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

அக்கா மாடிப்படியில் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்கு உருப்படியா தெரிஞ்சது இது ஒண்ணுதான்டா. அதுவும் அப்பாவுக்கு உதவாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு."

வழக்கமாக அவளைக் கிண்டல் செய்யும் நான் அன்று அவள் தோளில் கை போட்டுக்கொண்டேன்.

அந்த வார விடுமுறையில், தளர்ந்துபோன பெட்டியை இறுக்கிக் கட்டுவதற்காக அவள் கட்டிலின் வலப்பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய லேப்டாப் மெத்தைமேல் திறந்து கிடந்தது. அப்பா அதை இடது கையால் மடிக்கு இழுத்துப் பார்த்தார். திரையில் ஒரு எலி. அதே இடுக்கு, அதே நீல டேப்.

"இது என்ன?"

"எலிப்பா."

"அப்போ என்னையும் எலின்னுதான் நெனச்சியா?"

வேறு யாராக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டிருப்பார்கள். அக்கா முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எலி இவ்ளோ அடம் பிடிக்காதுப்பா."

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. இடது கை, சரிந்து விழப்போன லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. குட்டு விழுந்தது. நல்ல குட்டு என்று சொல்ல முடியாது. உச்சந்தலைக்கு வந்தது காதோரம் வழுக்கிக்கொண்டு போனது.

அப்பா தன் வலது கையை, யாரோ வீட்டில் மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அக்காவின் கண் நிறைந்துவிட்டது. நகர்ந்து வந்து அவர் கைக்கு நேராகத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இன்னொண்ணு குட்டுங்கப்பா," என்றாள். "கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்கி."