நார்மல் என்று வந்த ரிப்போர்ட்

இதே சபையில், இதே மைக்கின் முன்னால், சென்ற வருடம் ஒரு சாட்சி சொன்னேன். அதைத் திருத்திச் சொல்லத்தான் இன்று நிற்கிறேன். கர்த்தர் என்னைப் பொறுத்துக்கொண்டார். நீங்களும் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

தென்காசியில் ஒரு லேபில் டெக்னீசியனாக வேலை பார்க்கிறேன். என் மகள் ஜெனிக்குப் பதினேழு வயதிலிருந்தே மாதவிலக்கு வந்தால் தாங்க முடியாத வயிற்றுவலி. சுருண்டு கிடப்பாள். எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம், அதாவது கருப்பைக்குள் இருக்கிற திசு மாதிரி ஒன்று வெளியே வளர்ந்திருக்கலாம் என்று டாக்டர் சந்தேகப்பட்டார். ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்து, மறுபடி வரச் சொன்னார்.

நானே ரத்தம் எடுத்தேன். வெளியூர் லேபுக்குப் போகும் ஐஸ் பெட்டியின் மேல் கை வைத்து, நார்மல் என்று வர வேண்டும் என்று அழுது ஜெபித்தேன். அப்படியே வந்தது. டாக்டரிடம் திரும்பப் போகவில்லை. அந்த ஞாயிறே இங்கே சாட்சி சொன்னேன். நீங்கள் எல்லோரும் ஸ்தோத்திரம் சொன்னீர்கள். ஜெனி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வலி என்று சொல்லவே இல்லை. சுகமாகிவிட்டாள் என்று நம்பினேன்.

இந்த ஜூலையில், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு காலையில், குற்றாலத்தில் கல்லூரி வாசலில் மயங்கி விழுந்தாள். போன் வந்ததும் ஓடிப்போய் ஆட்டோவில் ஏற்றினேன். அவள் பையில் அடையாள அட்டையைத் தேடியபோது, பைபிள் உறையின் ஜிப்புக்குள் வலி மாத்திரை அட்டைகள் இருந்தன. எல்லாம் காலி.

கண் விழித்ததும், "ஏட்டி, எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றேன்.

"நீங்கதான் சபையில சாட்சி சொல்லிட்டியளே எம்மா. பொறவு வலிக்குன்னு நான் எப்படிச் சொல்ல? ஆண்டவரப் பொய்யாக்குத மாதிரி இருக்குமே."

ஆட்டோவிலேயே ஜெபித்தேன். நார்மல் வேண்டாம் ஆண்டவரே, என்ன இருக்கிறதோ அதைக் காட்டும் என்று கேட்டேன்.

திருநெல்வேலியில் ஒரு பெண் டாக்டர் என் ஃபைலை மூடி வைத்துவிட்டு, ஜெனியைப் பேசச் சொன்னார். முழுவதும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த நோய ரத்தத்துல கண்டுபிடிக்க எவ்வளவோ பேரு முயற்சி பண்ணுதாங்க. நம்புத மாதிரி டெஸ்ட் இன்னும் கைக்கு வரல. நோய் இருந்தாலும் நீங்க எடுத்த இந்த டெஸ்ட் நார்மல்னு காட்டும். வேற காரணத்துக்கும் அளவு ஏறும். லேப்ல இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். இதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று சொல்ல முடியாது என்று ரிப்போர்ட்டின் அடியிலேயே ஒரு வரி இருந்தது. எனக்குப் பிடிக்காத வரி என்று படிக்காமல் மடித்து வைத்தேன். அதுதான் நான் செய்த பாவம்.

வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமரா விட்டுப் பார்த்தார்கள். நோய் இருந்தது. முடிந்தவரை எடுத்தார்கள். திரும்ப வரலாம், மருந்து தொடர வேண்டும் என்றார்கள். ஆனாலும் போன மாதம், அந்த நாட்களிலேயே, ஜெனி உட்கார்ந்து பரீட்சை எழுதினாள். ஆண்டவருக்கு நன்றி.

இப்போது நார்மல் ரிப்போர்ட்டை யார் கையில் கொடுத்தாலும், "வலி இருக்காம்மா? அப்போ டாக்டர விட்டுறாதீங்க" என்று சொல்லித்தான் அனுப்புகிறேன்.

பிரியமானவர்களே, அவரை நம்புங்கள். கேட்கிறவர்தான். ஆஸ்பத்திரியில் ஜெனியிடம், "நீ இத்தன நாளா என்னத்தட்டி ஜெபிச்ச?" என்று கேட்டேன்.

"எங்கம்மா என்னய நம்பணும்னு."

அந்த ஜெபம் கேட்கப்பட்டது என்பதற்கு நான் சாட்சி. அதைத் தாமதப்படுத்தியவளும் நான்தான்.