அட்டன் வெளிநாடா?

போன வியாழக்கிழமை ஒரு சாவுக்குப் போக முடியாமல் போயிற்று. போக வேண்டியவர் நான் இல்லை, எங்கள் எஸ்டேட் பார்வதி அக்கா. தடுத்து நிறுத்தியது மழையும் இல்லை, மண்சரிவும் இல்லை, ரோட்டை மறித்துக்கொண்டு நிற்கும் காட்டெருமையும் இல்லை.

ஃபயர்வால்!

சிரிக்காதீர்கள். வாராவாரம் இந்தப் பக்கத்தில் அட்டைக்கடி, பவர்கட், பனி என்று புலம்புகிறவளுக்கு ஃபயர்வாலைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காக இருக்கும் எனக்கு அன்று காலை வரை ஒன்றும் தெரியாதுதான். இப்போது தெரியும். தெரிந்து என்ன செய்ய...

பார்வதி அக்கா எங்கள் கிரீச்சில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். அவர் மட்டும் அதைக் கிரீச் என்று சொல்ல மாட்டார், 'பிள்ளைக் காம்பரா' என்பார். சிலோன் தோட்டத்துப் பேச்சு. சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு கப்பலேறி இந்த ஊட்டி மலைக்கு வந்தவர்.

அவருடைய ஒரே அக்காவுக்கு அதற்குள் அங்கேயே கல்யாணமாகியிருந்தது. அவர் அங்கே தங்கள் ஊரான அட்டனிலேயே தங்கிவிட்டார். அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொள்ளவே இல்லை. பாஸ்போர்ட் எடுக்கணும், எடுக்கணும் என்று சொல்லிக்கொண்டே இருவருக்கும் வயசாகிவிட்டது. பேச்சு, சண்டை, சமாதானம் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான்.

அந்த அக்கா புதன்கிழமை தவறிவிட்டார்.

வியாழன் காலை பார்வதி அக்கா கையில் போனோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். "அம்மா, அட்டன்ல மலர்ச்சாலையில வச்சிருக்காங்களாம். அப்படியே படமா காட்டுறாங்களாம். மகன் என்னமோ அனுப்பியிருக்கான், தெறக்க மாட்டேங்குது. மதியத்துக்கு மேல எடுத்துருவாங்களாம்மா. ஒருக்கா மொகத்த பாத்துட்டேன்னா போதும்."

மலர்ச்சாலை என்றதும் பூக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். உறவுகள் வந்து கடைசியாகப் பார்ப்பதற்கு உடலை வைத்திருக்கும் கூடத்துக்கு அங்கே அப்படிப் பெயர். வர முடியாதவர்களுக்காகத் தங்கள் வெப்சைட்டில் நேரலையாகவும் காட்டுகிறார்கள். அந்த லிங்க்கைத்தான் இறந்துபோன அக்காவின் மகன் அனுப்பியிருந்தான்.

எங்கள் பள்ளத்தில் மொபைல் சிக்னல் கிடையாது. தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கும் சேர்த்து ஆபீஸ் வைஃபைதான் கதி. ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே லிங்க்கைத் திறந்தேன். சிவப்பாக ஒரு கேடயப் படம் வந்தது. 'இந்தத் தளத்துக்கு அனுமதி இல்லை.'

அந்த மகனுக்கே வாட்ஸ்அப்பில் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை எப்படிப் போனை எடுப்பான்?

எங்கள் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவர் நவீன். ஊட்டி காந்தல்காரர், கெட்டிக்காரர். ஆபீஸ் லேண்ட்லைனில் அவரைப் பிடித்தேன். லவ்டேலில் ஏதோ வேலையாக இருந்தார்.

"வெளிநாட்டு சைட்டுங்க அக்கா, அதான் நிறுத்துது."

"வெளிநாடா? அது அட்டன் நவீன்!"

"அட்டன் சிலோன்ல இருக்குதுங்க. சிலோன் வெளிநாடுதானுங்களே?"

எனக்குச் சுருக்கென்றது.

இந்த மழைக்காலத்தில் எவனோ வெளியிலிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்குள் புகுந்து ஃபைல்களையெல்லாம் பூட்டிவிட்டான். அதற்குப் பிறகுதான் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று பார்க்கும் இந்த ஃபயர்வால் பெட்டி வந்தது. அதை அமைப்பதற்கு முன் நவீன் காலையில் ஆள் கூடுகிற இடத்துக்கே வந்து எல்லோரிடமும் கேட்டார். நல்ல பிள்ளை, கேட்காமல் எதையும் செய்ய மாட்டார். "ஏனுங்க, உங்கள்ல யாருக்காச்சும் வெளிநாட்டுல சொந்தபந்தம் இருக்குதுங்களா? அங்கத்த சைட் எதாச்சும் பாப்பீங்களா?"

முதலில் சிரித்தவரே பார்வதி அக்காதான். "நல்லா கேட்ட போ! எங்களுக்கு வெளிநாட்டுல யாருப்பா இருக்கா?"

கூட்டத்தில் பாதிப்பேர் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். பக்கத்தில் நின்ற நானும் ஆட்டினேன். பொய்யில்லை! அவர்களைப் பொறுத்தவரை துபாய் வெளிநாடு, லண்டன் வெளிநாடு. அட்டன்? அது 'அங்கிட்டு'. கூடப்பிறந்தவள் இருக்கிற இடத்தை யாராவது வெளிநாடு என்பார்களா?

நவீன் வெளிநாட்டை மொத்தமாக மூடிவிட்டார். வாட்ஸ்அப்புக்கும் ஆபீஸுக்கு வேண்டிய சிலதுக்கும் மட்டும் தனி அனுமதி. அக்கா தங்கை பேச்சு வழக்கம்போல நடந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை.

"இருங்க அக்கா, இங்கிருந்தே சிலோனுக்கு அனுமதி போட்டுடறேன்" என்றார் நவீன் போனில். போட்டார். "இப்பப் பாருங்க."

சிவப்புக் கேடயம்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க." பண்ணினேன். கேடயம். அந்த ஃபயர்வால் பெட்டியை அணைத்துப் போடச் சொன்னார். போட்டேன். அதே கேடயம்! எனக்கு வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. பார்வதி அக்கா மட்டும் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், "ஆயிருமாம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இதோ ஆயிடும்க்கா, இதோ" என்றேன். எத்தனை 'இதோ'!

பிறகுதான் போனில் நவீன் "ஐயோ" என்றார். "அக்கா... புது ரூல் கடைசியில போய் உக்காந்திருக்குதுங்க!"

அதென்ன கடைசி? அவர் பிறகு விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். ஊட்டிக்கு ஏறுகிற வழியில் கல்லாறு செக்போஸ்ட்டில் நிற்கிறவர் கையில் ஒரு தாள். முதல் வரி: நம்ம ஊட்டி நம்பர், டி.என். 43 வண்டியை விடு. அடுத்த வரி: வெளியூர் வண்டிக்கு ஈ-பாஸ் இருந்தால் விடு. அப்புறம்: மற்றதைத் திருப்பி அனுப்பு. அவர் மேலிருந்து கீழே படித்து, முதலில் எந்த வரி பொருந்துகிறதோ அதைச் செய்துவிட்டுத் தாளை மடித்துவிடுவார். கீழே என்ன இருந்தாலும் அவருக்குக் கவலை இல்லை.

இப்போது 'எல்லாரையும் திருப்பி அனுப்பு' என்பதை மேலே எழுதிவிட்டு, 'டி.என். 43-ஐ விடு' என்பதைக் கீழே எழுதிப் பாருங்கள். ஊட்டிக்காரனே ஊட்டிக்குப் போக முடியாது!

ஃபயர்வாலின் அனுமதி வரிசையும் அப்படித்தானாம். எங்கள் பெட்டியில் 'வெளிநாடு கூடாது' மேலே இருந்தது. அவசரத்தில் போட்ட 'சிலோனை விடு' அடியில் போய் விழுந்துவிட்டது. அந்த வரி வரைக்கும் யாரும் படிக்கவே இல்லை. போதாக்குறைக்கு, யாரும் எழுதாவிட்டாலும் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு வரி உண்டாம். பெயர் சொல்லி அனுமதிக்காத எல்லாவற்றுக்கும் 'இல்லை'.

குறை சொல்லவில்லை. எல்லோருடைய ஆதார் நகலும் ஆஸ்பத்திரிச் சீட்டும் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. காவல் வேண்டும்தான். ஆனால் யாருக்குக் கதவு திறக்க வேண்டும் என்பதை நாம்தானே சரியாகச் சொல்ல வேண்டும்?

நவீன் அந்த வரியை மேலே ஏற்றியபோது மதியம் தாண்டியிருந்தது. பக்கம் திறந்தது.

வெள்ளைத் துணி கட்டிய கூடம். காலி நாற்காலிகள். ஒருவர் தரையில் கிடந்த பூவைக் கூட்டிக்கொண்டிருந்தார்.

பார்வதி அக்கா திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனார். இந்த மூலை, அந்த மூலை என்று தேடினார். "எங்கக்கா எங்கேம்மா?"

"எடுத்துட்டாங்கக்கா" என்றேன். அவர் போட்ட சத்தத்தில் வெளியே நின்றவர்களெல்லாம் உள்ளே ஓடி வந்துவிட்டார்கள்.

எனக்கு ஆறவே இல்லை. மேலே ரோட்டு வளைவில் சிக்னல் கிடைக்கும். ஃபாக்டரி ஜீப் வாசலிலேயே நின்றது. அதில் அவரை ஏற்றிக்கொண்டு போய், என் போனிலேயே காட்டியிருக்கலாமே! 'இதோ, இதோ' என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதேனே தவிர, அந்தப் புத்தி ஏன் எனக்கு வரவில்லை? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

சாயங்காலம் நவீன் லவ்டேலிலிருந்து நேரே லைனுக்கு வந்தார். பார்வதி அக்காவின் வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "மன்னிச்சுக்குங்கம்மா, தப்பு என்னுதுங்க" என்றார்.

பார்வதி அக்கா அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"நீ என்னய்யா செய்வ? நீ கேக்கத்தானே செஞ்ச? நான்தான் வெளிநாட்டுல யாருமில்லேன்னு சொன்னேன். எங்கக்கா வெளிநாட்டுக்காரின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கடசியா அவ மொகத்த பாத்திருப்பேன்."



சிலோனுக்கான அனுமதி இப்போது முதல் வரியிலேயே இருக்கிறது. அட்டனில் அக்காதான் இல்லை.